பிள்ளையின் போனும் அந்த முதல் ஒரு மணி நேரமும்: பெற்றோருக்கான வழிகாட்டி

இரவு 11 மணிக்கு மேல் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இன்ஸ்டாகிராமில் தெரியாத பெண் பெயரில் 'ஹாய்' வருகிறது. பத்து நிமிடத்தில் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறுகிறது. அடுத்தது வீடியோ கால். மறுமுனையில் ஓடுவது முன்பே பதிவு செய்து வைத்த வீடியோ. பையனின் பக்கம் மட்டும் அங்கே பதிவாகிக்கொண்டிருக்கிறது. கால் முடிந்த கையோடு அந்தப் பதிவும் அவனுடைய ஃபாலோயர் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டும் வந்து விழுகின்றன. "5,000 அனுப்பு, இல்லன்னா உங்க அக்காவுக்குப் போகும்."

இந்த மோசடிக்கு முதலீடு ஒன்றே ஒன்றுதான்: பையன் வீட்டில் வாய் திறக்க மாட்டான் என்ற நம்பிக்கை. தெரியாத ஆளோடு பழகி ஏமாந்த பெண்பிள்ளை, வகுப்புத் தோழனுக்கு அனுப்பிய படம் சுற்றுக்குப் போய்விட்ட பெண்பிள்ளை, மாதவிடாய் தள்ளிப்போய் கூகுளில் மாத்திரை தேடுகிற பிள்ளை, எல்லாரையும் ஆபத்தில் தள்ளுவது இதே மௌனம்தான். எனவே போனில் செய்யும் செட்டிங், வீட்டில் பேசும் பேச்சு, போடும் கட்டுப்பாடு எதுவானாலும் ஒரு கேள்வியை வைத்து எடைபோடுங்கள்: ஏதாவது நடந்தால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை நம்மிடம் வருமா?

முதலில் பெரியவர்களின் போன்

பல வீடுகளில் பிள்ளையின் கண்ணில் முதல் ஆபாசப் படம் படுவது எந்தத் தளத்திலும் இல்லை, அப்பாவின் கேலரியில்தான். கல்லூரி நண்பர்கள் குரூப்பில் வந்த வீடியோ தானாக டவுன்லோடாகி, கோயில் திருவிழாப் படத்துக்கும் மின்கட்டண ரசீதுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். வீட்டுப்பாடத்தைப் படம் எடுக்கப் போனை வாங்கிய குழந்தை அதைத் திறந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ் போய் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்துவிடுங்கள். பிறகு 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில் ஆட்டோ டவுன்லோடு மூன்று இடத்தில் இருக்கும்: மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங். மூன்றிலும் எல்லா டிக்கையும் எடுங்கள். வைஃபையை மறந்துவிட்டால் செய்த வேலை பாதிதான். ஐபோனில் 'சேவ் டு ஃபோட்டோஸ்' என்பதை அணைக்க வேண்டும். இவை இனி வருவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சேர்ந்ததை நீங்களே உட்கார்ந்து நீக்க வேண்டும், கேலரியின் குப்பைத்தொட்டி உட்பட.

பிள்ளையின் போனில் செய்ய வேண்டியவை

முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். 13 வயது ஆகாததால் கணக்குத் தொடங்க முடியாத குழந்தை, 2000-ல் பிறந்ததாகப் போட்டிருக்கும். அதோடு அந்தக் கணக்கு பெரியவர் கணக்காகிவிடும். சிறுவர்களுக்கான பாதுகாப்பு எதுவும் அதில் வேலை செய்யாது. கூகுள் கணக்கிலும், இன்ஸ்டாகிராமின் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்', 'பர்சனல் டீட்டெயில்ஸ்' பகுதியிலும் தேதியைச் சரிபாருங்கள். இந்தியாவில் 2025 பிப்ரவரியில் வந்த 'டீன் அக்கவுண்ட்' சரியான வயது இருந்தால்தான் தானாக அமலுக்கு வரும். அதில் கணக்கு பிரைவேட்டாக இருக்கும், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் ஓய்ந்திருக்கும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் அனுமதி இல்லாமல் இவற்றைத் தளர்த்த முடியாது.

அடுத்தது வடிகட்டி. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேற்பட்ட எந்தப் போனிலும் நெட்வொர்க் பகுதியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கும். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை. சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ் உள்ளே தேட வேண்டும். அங்கே சர்வர் பெயர் கேட்கும் இடத்தில் 'ஃபேமிலி டாட் க்ளவுட்ஃப்ளேர் ஹைஃபன் டிஎன்எஸ் டாட் காம்' (family.cloudflare-dns.com) என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடியுங்கள். இலவசம்தான். ஆபாசத் தளங்களின் பெயரை இந்தச் சர்வர் திறக்க மறுத்துவிடும். வைஃபையிலும் சிம் டேட்டாவிலும் ஒன்றுபோல வேலை செய்யும். ஓர் எழுத்து பிசகினாலும் நெட் மொத்தமாக நின்று 'பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை' என்று வரும். பயந்து போனை ரீசெட் செய்ய வேண்டாம், எழுத்தைச் சரிசெய்தால் போதும்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். டிஎன்எஸ் தளத்தின் பெயரை மட்டும் பார்க்கிறது, உள்ளே ஓடுவதைப் பார்ப்பதில்லை. டெலிகிராம் சேனல், வாட்ஸ்அப் குரூப், இன்ஸ்டாகிராம் செய்தி எதையும் அது தடுக்காது. இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி ஒன்றைப் போட்டால் வடிகட்டியைத் தாண்டிவிடலாம். 2018-ல் மத்திய அரசு 827 ஆபாசத் தளங்களை முடக்கச் சொன்ன பிறகும் பார்ப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், இந்த வழிகளில். அதனால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' போட்டு, புதுச் செயலி எதுவானாலும் உங்கள் அனுமதியோடு இறங்கும்படி வையுங்கள். விபிஎன் நுழையும் வாசல் அதோடு அடைபடும். சில போன்களில் 'செகண்ட் ஸ்பேஸ்' என்று இன்னொரு மறைவான போனே உள்ளே இருக்கும். அதையும் பாருங்கள். ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்' உள்ளே 'லிமிட் அடல்ட் வெப்சைட்ஸ்', 'கம்யூனிகேஷன் சேஃப்டி' இரண்டையும் இயக்கி, தனியாக ஒரு பாஸ்கோடு வையுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த உங்கள் போன் பாஸ்கோடு வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் பிரைவசி, குரூப்ஸ் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' இயக்குங்கள். டிபியும் 'மை கான்டாக்ட்ஸ்'தான். டெலிகிராமில் போன் நம்பரை யாருக்கும் காட்டாதபடியும், குரூப்பில் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுமதியும் வையுங்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற விளையாட்டுகளில் வாய்ஸ் சாட்டும் 'டைமண்ட்' (விளையாட்டுக்குள் செல்லும் பணம்) பரிசும்தான் தூண்டில். யாராவது பணம் செலவழித்துப் பரிசு கொடுத்தால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்பது வீட்டு விதியாக இருக்கட்டும்.

இரவில் எல்லாருடைய போனும் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், அம்மா அப்பா போன் உட்பட. அலாரத்துக்கு 200, 300 ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்குங்கள், 'அலாரத்துக்குத்தான் போன்' என்ற காரணம் போய்விடும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் கெட்ட, தனிமையான, இருட்டு அறையில் எடுக்கும் முடிவுகளைப் பகலில் அதே பிள்ளை எடுக்காது. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் உளவு பார்க்கும் செயலியைப் போடாதீர்கள். தெரிந்த அன்றே பேச்சு நண்பனின் போனுக்கு மாறும், நம்பிக்கை திரும்பாது. என்ன கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், ஏன், எந்த வயதில் தளரும் என்பதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

பேச்சு: எப்போது, என்ன, எப்படி

எதிரே உட்காரவைத்து 'உன்கிட்ட ஒண்ணு பேசணும்' என்று தொடங்கினால் பிள்ளை சுருங்கிவிடும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது ஐந்து நிமிடம் போதும். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம்.

10, 11 வயதிலேயே உடல் மாற்றத்தைப் பேசிவிட வேண்டும். மாதவிடாயை அது வருவதற்கு முன்பு பெண்ணுக்கு மட்டுமல்ல, பையனுக்கும் சொல்லுங்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்பதைப் பையனுக்கு முன்கூட்டியே சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அவன் பயந்துபோய்ப் போனில் தேடுகிறான். 'கைப்பழக்கம்', 'நரம்புத் தளர்ச்சி' என்று அடித்தால் வருவது லேகியம் விற்பவர்களின் வீடியோ. ஒருமுறை பார்த்தால் அடுத்த பத்தும் அதே மாதிரிதான் வரும்: ஞாபகம் போகும், உடம்பு உருகும், கல்யாணத்துக்கு லாயக்கில்லை, இந்த நம்பருக்கு அழையுங்கள். இவ்வாறு பாலியல் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்து மற்றும் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டமே தடை செய்திருக்கிறது. பையனுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: பருவமடைந்த பிறகு உடல் விந்தைத் தொடர்ந்து உற்பத்தி செய்கிறது, அது வெளியேறுவதால் நரம்போ மூளையோ தளராது, சுய இன்பம் நோய் அல்ல. படிப்பையும் தூக்கத்தையும் தின்கிற அளவுக்குப் போனால் மருத்துவரிடம் பேசலாம். அப்பா சொன்னால் நல்லது. அப்பாவால் முடியாவிட்டால் மாமாவோ சித்தப்பாவோ சொல்லட்டும். சொல்லாமல் விட்டால் மனம் ஒடிந்துபோய், படிப்பில் சரிந்து, ஆயிரக்கணக்கில் பணம் கட்டி என்ன கலந்தது என்று தெரியாத பொடியைத் தின்பான்.

பெண்பிள்ளைகளுக்கு இதே வேலையை ரீல்ஸ் செய்கிறது: வெள்ளைப்படுதல் என்றாலே நோய், அதற்கு ஒரு வாஷ். மாதத்தின் நடுவில் தெளிவாகவோ வெள்ளையாகவோ படுவது இயல்பு. அரிப்பு, நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி இருந்தால்தான் மருத்துவரிடம் போக வேண்டும். பிறப்புறுப்பின் உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வாஷ் போட்டுக் கழுவினால் அங்கே இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து தொற்றுதான் வரும்.

ஆபாசப் படத்தைப் பிள்ளை பார்த்துவிட்டது தெரிந்தால் அடிக்காதீர்கள், அழவும் வேண்டாம். "பார்த்துட்டியா, சரி. உன் வயசுல நிறைய பேர் கண்ணுல படுது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ கண்ணா, அது நடிப்பு. அதுல யாரும் யார்கிட்டயும் சம்மதம் கேக்க மாட்டாங்க, ஆணுறை போட மாட்டாங்க, வலிக்குதுன்னா நிறுத்த மாட்டாங்க. நிஜத்துல அப்படி நடந்தா அது குற்றம்." பார்ப்பதற்கும் பாதுகாப்பில்லாத உறவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் பல சொல்கின்றன. எது காரணம், எது விளைவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. ஆனால் பிள்ளை அதைப் பாடமாக எடுத்துக்கொள்வதற்கு வேறு பாடம் கிடைக்காததும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான வாக்கியம் இது. மாதம் ஒருமுறை, எந்தச் சம்பவமும் இல்லாதபோதே சொல்லி வையுங்கள்: "போன்ல என்ன தப்பு நடந்தாலும், நீயே பண்ணியிருந்தாலும், முதல்ல எங்கிட்ட சொல்லு. திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்." கடைசி உறுதி பெண்பிள்ளைகளுக்கு உயிர் போன்றது. படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அவர்கள் மிரட்டுபவனுக்கு அடிபணிகிறார்கள். உங்களிடம் சொல்ல முடியாவிட்டால் யாரிடம் என்பதையும் பிள்ளையே சொல்லட்டும்: சித்தியா, அத்தையா, டீச்சரா.

சட்டத்தைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள். 16 வயதுப் பெண்ணின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. 'இரண்டு பேருக்கும் விருப்பம்தானே' என்பது வழக்கில் நிற்காது. பையன்களுக்கு இது தெரிவதே இல்லை, காவல் நிலையத்தில்தான் முதன்முதலில் கேள்விப்படுகிறார்கள்.

வகுப்புத் தோழியின் படத்தை ஃபார்வர்டு செய்வதும் விளையாட்டல்ல. சிறாரின் ஆபாசப் படத்தைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். 18 நிறையாதவன் செய்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். பதிவிறக்கி வைத்துப் பார்ப்பது மட்டும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஏஐ செயலியில் டிபியை நிர்வாணப் படமாக்கினாலும் தப்பில்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நிஜக் குழந்தை போலவே தெரியும் கணினிப் படமும் 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்சோவுக்குள் வருகிறது.

மிரட்டல் வந்துவிட்டால்

பிள்ளை சொன்ன உடனே உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது: "நல்ல வேளை சொன்னே. தப்பு அவன் மேல. நான் பாத்துக்கறேன்." 'ஏன் அனுப்பினே?' என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம்.

பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பினால், பணம் வரும் இடம் என்று தெரிந்து தொகை ஏறும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் கை மாறுவதற்கு முன்பு கணக்கை முடக்க வாய்ப்புண்டு. யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாக் செய்வதற்கு முன்பு சாட்சி சேருங்கள். மிரட்டல் செய்திகள், யூசர்நேம், புரொஃபைலின் லிங்க், போன் நம்பர், தேதி நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட். யூசர்நேமைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள், லிங்க்கைத் தனியாக எழுதி வையுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள், 'ஆதாரம்' என்று மாமாவுக்கோ வக்கீலுக்கோ அனுப்பாதீர்கள். அதுவும் பரப்புவதுதான். போலீஸிடம் போனையே காட்டுங்கள். கோபத்தில் கணக்கை அழிப்பது, போனை உடைப்பது, ரீசெட் செய்வது, மூன்றும் குற்றவாளிக்குச் செய்யும் உதவி.

பிறகு அந்தக் கணக்கை அந்தந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்யுங்கள். அந்தரங்கப் படம் பற்றிய புகார் வந்தால் 2 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று, 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. பிள்ளைக்காக நீங்களும் புகார் தரலாம். 18 வயதுக்கு முன் எடுத்த படமானால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப்பின் பூட்டிய செய்திகளுக்குள் இது போகாது.

புகாரை சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் தரலாம். பெயர் சொல்லாமலும் தர வழியுண்டு, ஆனால் நடவடிக்கை வேண்டுமென்றால் பெயரோடு கொடுங்கள். நேரில் என்றால் சைபர் கிரைம் காவல் நிலையம் அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையம். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது, எந்த நிலையத்திலும் பதிவு செய்து மாற்ற வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும், இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது, பெயரை வெளியிடக் கூடாது. இவை போக்சோ தரும் உரிமைகள், கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எந்நேரமும் இருக்கிறது.

அன்றும் மறுநாளும் இரவில் பிள்ளையைத் தனியே படுக்க விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை, எலி மருந்து, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். 'செத்துடலாம் போல இருக்கா?' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, பாரம் இறங்கும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

உடல் தொடர்பு நடந்திருந்தால்

ஆன்லைனில் பழகி நேரில் சந்தித்ததில் பலவந்தமோ உறவோ நடந்திருந்தால் கணக்கு 72 மணி நேரம். எச்ஐவி தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். மருந்துக்கடையில் அலையாமல் அரசு மருத்துவமனைக்கே போங்கள். பலவந்தம் என்றால் குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. மாற்றிவிட்டால் துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் நின்று தடயம் கெட்டுவிடும். பாதிக்கப்பட்டவருக்கு முதலுதவியும் சிகிச்சையும் எந்த மருத்துவமனையானாலும் இலவசம், எஃப்ஐஆர் இருந்தால்தான் என்று சொல்ல முடியாது.

மருத்துவர் போலீஸுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. அந்தப் பயத்தில் சில குடும்பங்கள் போலி வைத்தியரிடம் போய்ப் பெண்ணின் உயிரையே பணயம் வைக்கின்றன. சிறுமி கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவளுடைய அடையாளத்தை அந்தத் தகவலில் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டப்படி வழியுண்டு. பாதுகாவலரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். எச்ஐவி பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம், விவரம் கேட்க 1097.

போனைத் திரும்பக் கொடுப்பது

போலீஸ் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால் ரசீது வாங்கி, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு வாரத்துக்கு மேல் போனைப் பறித்து வைக்காதீர்கள். 'சொன்னதற்குத் தண்டனை' என்று பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும், அடுத்த முறை சொல்லாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள், ஃபாலோயர் பட்டியலில் முகம் தெரியாதவர்களை ஒவ்வொருவராக நீக்குங்கள். யாரை நீக்குவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். மூன்று மாதத்துக்கு வாரம் ஒருமுறை, சனிக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், புது எண்ணிலிருந்து யாராவது வந்தார்களா என்று மட்டும் கேளுங்கள். பழைய மிரட்டல்காரன் புதுப் பெயரில் வரக்கூடும்.